டாக்டர் மணவாளன் முதலில் நீட்டிய கை

இந்த நினைவஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் சுப்புராயன் அவர்களே, டாக்டரின் துணைவியார் ஞானாம்பாள் அம்மையார் அவர்களே, மகள் தாட்சாயிணி அவர்களே, கடலூரிலிருந்தும் புவனகிரியிலிருந்தும் சிதம்பரம் வந்திருக்கும் ஓய்வூதியர் சங்கத்துப் பெரியோர்களே, வணக்கம். மேடையில் பேசிப் பழகாதவன் நான். தவறிவிடுவேனோ என்ற பயத்தில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எழுதியதும் சரிதானா என்று தெரியவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு பேச்சு காதில் விழுந்தது. "ஊருக்கெல்லாம் நிமோனியா ஊசி போட்ட மனுசன் நிமோனியாவுலயே பூட்டாரு பாத்தியா." வரும் ஞாயிற்றுக்கிழமை இதே மண்டபத்தில் தடுப்பூசி முகாம். பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மழைக்கு முன்னால் ஆண்டுதோறும் டாக்டர் மணவாளன் நடத்திய முகாம் அவரோடு முடிந்துவிடப்போகிறதா?

நாம் அவரை எப்போது முழுதாக நம்பினோம்? கைராசிக்காரர் என்போம். ஆனால், வயதானவர்கள் வருடாவருடம் ஃப்ளூ ஊசியும் அதோடு ஒருமுறை நிமோனியா ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று 2005இல் அவர் சொன்னபோது என்ன நினைத்தோம்? கம்பெனி கமிஷன் என்றார்கள் சிலர். தடுப்பூசி குழந்தைகளுக்குத்தானே என்றார்கள் சிலர். புவனகிரி பொன்னுரங்கம் தலைவரைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"மச்சான், பென்ஷன் குடுத்து மாளலன்னு கவர்மெண்டு ஆளக் கொறைக்கப் பாக்குது. இவுரு அதுக்குக் கையாளு."

"யோவ், நானும் பென்ஷன்காரன்தான்யா," என்று சிரித்தார் டாக்டர்.

"அப்ப நீங்க மொதல்ல போட்டுக்குங்க. அதுலயும் ஒங்களுக்கு மட்டும் வெறும் தண்ணியா இருந்தா?"

கோபப்பட வேண்டிய இடம் அல்லவா அது! டாக்டர் ஊசி மருந்துகள் இருந்த தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார். எது என்று நீங்களே எடுத்துக் கொடுங்கள் என்றார். ஒருவரும் முன்வரவில்லை. தணிக்கைத் துறையில் இருந்தவன், எதையும் இரண்டு முறை பார்ப்பவன் என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். நான் ஒன்றை எடுத்தேன். காலாவதித் தேதி பார்த்தேன். அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தேன். அதற்கும் அவர் முகம் கோணவில்லை.

அதுவே வழக்கமாயிற்று. நான் எடுத்துத் தருவேன். அவர் முதலில் கையை நீட்டுவார். எதிரில் உட்கார்ந்து அரைமணி நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருப்போம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் வரிசை நகரும். என் கை எப்போதும் கடைசிக் கை.

இந்த ஆடியில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கடலூரில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். நுரையீரலில் நோய் புகுந்தது. பார்க்கப் போனேன். வாசலில் பேசும் அதே சந்தேகம் எனக்கும் இருந்தது. அவரிடம் கேட்கத் துணிவில்லாமல், அப்பா அந்த ஊசியை உண்மையில் போட்டுக்கொண்டவர்தானா என்று தாட்சாயிணியிடம் மெல்லக் கேட்டேன். கட்டிலிலிருந்து அவரே பதில் சொன்னார்.

"நீதானய்யா எடுத்துக் குடுத்த. போட்டும் வந்துடுச்சு. எல்லா நிமோனியாவையும் நிறுத்தாது, கொறைக்கும்னுதான சொன்னேன்? இத மறைக்காம சங்கத்துல சொல்லு. நம்பறவன் சொன்னா கேக்க மாட்டானுங்க. நீ சொல்லு."

சொல்லிவிட்டேன். என் சந்தேகம் தீர்ந்ததா? தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று சொன்னால், அவர் என்னிடம் ஒப்படைத்த வேலைக்கு நான் தகுதியற்றவன். ஆனால் தன்னைச் சந்தேகப்பட்டவர்களிடமே தட்டை நகர்த்திய மனிதர் வேறு யார் இருந்தார், சொல்லுங்கள்?

பெரியோர்களே, முகாம் நடக்கும். ஊசி போடக் குறிஞ்சிப்பாடி டாக்டர் சிந்துஜா வர இசைந்திருக்கிறார். முதல் நாற்காலியில் நான் உட்காருகிறேன். தட்டிலிருந்து எடுத்துத் தர, பொன்னுரங்கம் அவர்களே, நீங்கள் வர வேண்டும். தேதியைப் பாருங்கள். பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். பிறகு எல்லோரும் எதிரில் உட்கார்ந்து அரைமணி நேரம் என்னையே பாருங்கள்.

ஊசி போடும் முன்பே என் கை நடுங்கும். அதைக் கொண்டுபோய் மருந்தின் தலையில் போட்டுவிடாதீர்கள்.