சவுண்டு ஏழு

— இது படம் ஓட்ற ஆபரேட்டர் ரூம்மா. கைக்கொழந்தைய வெச்சிகினு இங்க இன்னா வேணும்?

— சவுண்ட இன்னும் கொஞ்சம் ஏத்துவீங்களா பாய்?

— ஏத்தறதா? ஊரே கம்மி பண்ணச் சொல்லிச் சண்டைக்கு வருது, நீ ஏத்தச் சொல்ற!

— ஜோதி, வந்துடு. பாய், தப்பா நெனைக்காதீங்க. நான் இவ வீட்டுக்காரன், கோபி. டேனரியில தோல் பதப்படுத்தற டிரம் மிஷின் ஓட்றேன்.

— டிரம்காரனா? உங்க ஆளுங்களாலதான்பா எனக்கு பேஜார். வெள்ளிக்கிழம டேனரி லீவு, ஹால் ஃபுல்லு. சவுண்ட ஒரு நம்பர் எறக்கினா போதும், சீட்டத் தட்டறானுங்க. மிஷினுக்கே காதக் குடுத்துட்டு வந்து, என்னைத் திட்டறானுங்க.

— எனக்கு இது அளவாத்தான் இருக்குது பாய்.

— அளவா? ஏழுல ஓடுது தம்பி! எங்க வீட்டம்மா ஒரு வாட்டி வந்து நெஞ்சப் புடிச்சிகினு போனவங்க, அப்புறம் இந்தப் பக்கமே வரல.

— என் புள்ளையப் பாருங்க பாய். தூங்கறான்.

— மாஷா அல்லா. சமத்து.

— சமத்து இல்ல பாய். தட்டு கீழ விழுந்தா திரும்ப மாட்டான். தீவாளிக்கு வாசல்ல அணுகுண்டு வெடிச்சாங்க, அசையல. காது கேக்காதோன்னு டாக்டருக்கு சந்தேகம். திங்கக்கிழம வேலூர்ல டெஸ்டு.

— அதுக்குள்ள நாமளே பாத்துடலாம்னு நான்தான் கூட்டியாந்தேன் பாய். ஆம்பூர்லயே பெரிய சத்தம் இதானே?

— அட கிறுக்கா! பச்சப்புள்ள காதக் கொண்டாந்து என் ஸ்பீக்கர்ல டெஸ்ட் பண்றியா?

— திட்டுங்க பாய், நான் சொன்னா கேக்கலை. ஸ்பீக்கருக்குக் கீழயே ஒக்கார வெச்சாரு. படத்துல பாலம் வெடிச்சு விழுது, முன்சீட்டு அக்கா காதப் பொத்திக்கினாங்க. இவன் கண்ணே தொறக்கல. அதான் மேல ஏறி வந்தேன். இன்னும் கொஞ்சம் ஏத்தினா…

— ஏழுக்கு மேல ஏத்தினா இருக்கற காதும் போய்டும்மா.

— வேணாம் பாய், நாங்க கெளம்பறோம். ஜோதி, வா.

— ஏங்க, இருங்க. கீழ எத்தன கொழந்தைங்க அழுவுது, கேக்குதா?

— எனக்குக் கேக்கல.

— உங்களுக்குக் கேக்காது. பாய், காது கேக்கற புள்ளைங்கதான அழுவுது? அதுங்களுக்காவது கம்மி பண்ணுங்க.

— சரி. இன்னிக்கு சீட்ட ஒடைக்கறவன் ஒடைக்கட்டும். ஃபைட்டு முடியற வரைக்கும் சுத்தமா எடுத்துடறேன். இந்தா.

— பாய், நிறுத்திட்டீங்களா?

— உஸ். பாரு. ஒருத்தன் கத்தல. ஆயிரம் பேரு, வாயத் தொறந்துகினு ஒக்காந்திருக்கானுங்க. இந்த ஹால இப்படி நான் பாத்ததே இல்ல.

— ஏங்க.

— இன்னா ஜோதி?

— கண்ணத் தொறந்துட்டான்.

— தூக்கம் தெளிஞ்சிருக்கும்.

— இல்ல. மூஞ்சப் பாருங்க. தேடறான். ஒதட்டப் பிதுக்கறான்… அழுவறான்! பாய், அழுவறான்!

— தம்பி, நகரு. மறுபடி போடறேன். ஏழு வேணாம். மூணு.

— மூணு எனக்கே கேக்காது பாய்.

— உனக்கா வெக்கறேன்? சும்மா இரு. அம்மா, இப்ப?

— நிறுத்திட்டான். அழுகைய நிறுத்திட்டான் பாய்.

— எங்க பாக்கறான்?

— ஸ்பீக்கர. இந்த ரூம் சுவத்துல இருக்கற ஸ்பீக்கர. தலையத் திருப்பிகினு…

— யா அல்லா.

— ஜோதி, எதுக்கு நீ அழுவற? சொல்லு, எனக்கு ஒண்ணும் புரியல. ஏழுக்கு அசையாதவன் மூணுக்கு எப்படித் திரும்புவான்?

— ஏழு மாதிரிதாங்க நம்ம வீடு. சுவத்துக்கு அந்தாண்ட ராத்திரி பகலா உங்க டிரம்மு. அதுலயே பொறந்து, அதுலயே தூங்கினவன். இன்னிக்கும் இங்க வந்துதான தூங்கினான்.

— அதுக்கு?

— டிரம் நிக்கற வெள்ளிக்கிழம மட்டும் விடிஞ்சதுலருந்து அழுவானே, சத்தம் எங்க போச்சுன்னுதாங்க கேட்டிருக்கான்.