வராத கமெண்ட்டுக்கு ஒரு ஜெபம்

டீ நல்லா இருக்கு சார். இஞ்சி தட்டிப் போட்டிருக்காங்க போல. எங்க சர்ச் வாலிபர் கூட்டத்துப் பிள்ளைங்களுக்கு நானும் இப்படித்தான் போட்டுக் கொடுப்பேன். பம்மல்ல மெட்டில்டா அக்கான்னா அதுங்களுக்கு உசுரு.

ஜெருஷா எங்க காயர்ல பாடுற பொண்ணு. ஸ்கூல் படிக்கிறப்ப எதுன்னாலும் என்கிட்டதான் ஓடிவருவா. குரோம்பேட்டையில இன்ஜினியரிங் சேர்ந்தா, அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை ஒரு ஸ்தோத்திரம், ஒரு சிரிப்பு, ஷேர் ஆட்டோ ஏறிடுவா. இன்ஸ்டாவுல ஆடி ரீல்ஸ் போட்டா. நல்லாத்தான் ஆடினா, பொய் சொல்லக் கூடாது. ஆனா அவளுக்காக எனக்கு பாரமா இருந்தது. பாரம்னா எங்க பாஷையில, ஒருத்தருக்காக மனசு கனத்து ஜெபிக்கத் தோணுறது.

அதனால முகிலன்னு ஒரு ஐடி திறந்தேன். அவ காலேஜ் பையன் மாதிரி. அவ ரீல்ஸுக்குக் கீழ "இந்த மூஞ்சிக்கு இதெல்லாம் தேவையா"ன்னு மட்டும் கமெண்ட் போட்டேன். அன்னிக்கு சாயங்காலமே வீட்டுக்கு வந்து என் மடியில படுத்து அழுதா. எவ்ளோ நாளாச்சு தெரியுமா சார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

என்கிட்ட அழுது சொன்னதையெல்லாம் முகிலன் அப்புறமா எழுதுவான். கூடப் படிக்கிற யாரோதான் உளறிட்டாங்கன்னு அவளா நினைச்சு, ஒவ்வொரு ஃபிரெண்டா வெட்டி விட்டா. காலேஜ் போறதை விட்டா, சரியா சாப்பிடலை, பாட்டும் நின்னுபோச்சு. டாக்டர் டிப்ரெஷன்னு மாத்திரை கொடுத்தார். தினமும் என் வீட்டுலதான் இருப்பா.

சனிக்கிழமையானா வாட்ஸ்அப் குரூப்புல ஜெபக் குறிப்பு போடுறது என் வேலை. "நம்ம ஜெருஷாவோட அப்பா விட்டுட்டுப் போனதை முகிலன்னு ஒருத்தன் எழுதி அவமானப்படுத்திட்டான், ஜெபிச்சுக்குங்க"ன்னு போட்டேன். சண்டே ஸ்கூல் வேலை மும்முரத்துல முகிலனா எழுத மறந்தே போச்சு.

ஜெருஷா ஃபோன் பண்ணா. "அக்கா, அப்பாவைப் பத்தி அவன் இன்னும் எதுவும் எழுதலையே. அதை உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்?"

திட்டக்கூட இல்ல சார், வெச்சுட்டா. மறுநாள் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. உசுரு இருக்கு. யார்கிட்டயும் பேசலையாம். நான் போய் உட்கார்ந்தா பேசுவா, யாரும் உள்ளே விட மாட்டேங்குறாங்க.

ஆமா, எல்லாம் நான்தான் எழுதினேன். குறிச்சுக்குங்க. அன்புலதான் பண்ணேன்னும் சேர்த்துக் குறிச்சுக்குங்க.

என் ஃபோனை எப்போ சார் திருப்பித் தருவீங்க? அபிகாயில்னு ஒரு பொண்ணு, இந்த வருஷம்தான் காலேஜ் சேர்ந்திருக்கா. இப்பல்லாம் எந்நேரமும் ஃபிரெண்ட்ஸோட ஒரே சிரிப்பு. அவளுக்காக எனக்கு ரொம்ப பாரமா இருக்கு.