விழுப்புரம் ரயிலில் மனோதத்துவம்

"பைத்தியத்தைப் பாக்குறதுக்கு ஒரு பி.ஏ.வா?" என்றார் என் எதிர் பெஞ்சில் இருந்தவர். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகிற ரயில் அது. அவருக்கும் அவர் மனைவிக்கும் நடுவில், சென்னையில் கல்லூரியில் சேரப்போகிற மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் கையிலிருந்த விண்ணப்பத்தில் பாடத்தின் பெயரை மட்டும் இன்னும் எழுதவில்லை.

"பைத்தியம் இல்லப்பா, மனோதத்துவம். முதல்ல தத்துவத்துல பி.ஏ. எடுக்கணும். அதுக்கப்புறந்தான் இதைப் படிக்க முடியும்."

"தத்துவம் படிச்ச பொண்ண எவன் கட்டுவான்?" என்றாள் அம்மா. "கணக்கு எடுடீ. டீச்சர் வேலையாவது கெடைக்கும்."

"நல்லா இருக்குறவங்களும் ஏன் ஒரு மாதிரியா நடந்துக்குறாங்கன்னு சொல்ற படிப்பும்மா."

"நல்லா இருக்குறவங்க ஏன் ஒரு மாதிரியா நடந்துக்கப் போறாங்க?"

பிரெஞ்சுக்காரர் காலத்தில் சுங்கக்காரர்கள் ஏறிச் சோதனை போட்ட பழைய எல்லை வந்தது. வண்டி வேகம் குறைந்தது. அம்மா சட்டென்று மடியிலிருந்த புதுப் புடவையை எடுத்துச் சாப்பாட்டுக் கூடைக்கு அடியில் திணித்தாள். அப்பா கைக்கடிகாரத்தை முழங்கை வரை ஏற்றிச் சட்டைக் கையை இழுத்துவிட்டார்.

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பிரெஞ்சுக்காரன் போயி, சுங்கத்தையே எடுத்து நாலு வருஷமாச்சு. இப்ப யாருக்குப் பயந்து ஒளிக்கிறீங்க?"

அப்பா கடிகாரத்தைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"சரி, தத்துவம்னே எழுதிக்க. பரீட்சையில மட்டும் எங்களப் பத்தி எழுதிப்புடாத."

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எல்லை வந்தபோது என் கால் தானாகவே பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்த பையை மெல்ல வெளியே இழுத்தேன்.