கால்களைப் பார்த்தவர்

மேடையில் இருக்கும் நாடகக் குழுத் தலைவர் ஐயா அவர்களே, பம்பரம் அக்காவின் கணவரே, தையற்கூடத்தில் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் தோழிகளே, வாசிப்புகளுக்குத் தவறாமல் வரும் நண்பர்களே, வணக்கம்.

எனக்கு மேடையில் பேச வராது. எழுதி வைத்திருப்பதை வாசிக்கிறேன். குழுவில் என் வேலையும் அதுதானே! நாடக வாசிப்பில் நடிகர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, தாளைப் பார்த்து வசனம் பேசுவார்கள். ஓரத்தில் இருந்து, "கதவு திறக்கிறது, மழை பெய்கிறது" என்று அடைப்புக்குறிக்குள் இருப்பதையெல்லாம் வாசிப்பது நான்.

நாடக ஆசிரியர் பம்பரம் அக்கா அப்போது எங்கே இருப்பார்? நாற்காலி போட்டால் உட்காருவாரா? மாட்டார்! சுவரோரமாக நடந்துகொண்டே இருப்பார். மேடையைப் பார்க்க மாட்டார். உங்கள் முகத்தையும் பார்க்க மாட்டார். உங்கள் கால்களைப் பார்ப்பார். "மொகம் மரியாதைக்கு நடிக்கும்டி. கால் நடிக்காது" என்பார். எந்த வசனத்தில் கால்கள் ஆடத் தொடங்குகின்றனவோ, அந்த வசனம் மறுநாள் இருக்காது. தையற்கூடத்தில் துணி வெட்டும் அதே கையால் வெட்டிவிடுவார்.

போன நாடகத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? தலைவர் ஐயா நீளமாக ஒரு வசனம் பேசி முடித்தார். அடைப்புக்குறிக்குள் இருந்த அடுத்த வரியை நான் வாசித்தேன்: "இந்த வசனம் எனக்கே பிடிக்கவில்லை. தலைவர் அடம்பிடிக்கிறார், இருந்து தொலையட்டும்." அக்கா தனக்காகக் கிறுக்கி வைத்தது! அரங்கமே சிரித்தது.

ஐயா எழுந்துவிட்டார். "ஏம்மா, இத என்கிட்ட நேரா சொல்லக்கூடாதா?"

பின்சுவரிலிருந்து அக்கா கத்தினார்: "சொன்னேனே ஐயா! உங்க வசனத்தத் தவிர எதையாவது காதுல வாங்கினாத்தானே!"

ஐயா, இப்போதும் சிரிக்கிறீர்கள்.

மருத்துவமனையிலாவது அக்கா படுத்தாரா? மருந்து தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டே நடந்தார். "கட்டில்ல ஒக்காருங்கம்மா, உங்க பின்னாடி ஓடுறதா என் வேல?" என்று நர்ஸ் அலுத்துக்கொண்டார். "ஒரு பொம்பள பெட்டியோட வாசல்ல நிக்கிறா சிஸ்டர். அவள நிக்க வச்சிட்டு நான் எப்படி ஒக்கார்றது?" என்றார் அக்கா.

அந்தப் பெண் புதிய நாடகத்தில் வருபவள். அவள் வீட்டை விட்டுப் போவதாக ஒரு முடிவு, திரும்பி உள்ளே வருவதாக ஒரு முடிவு. இரண்டையும் அக்கா எழுதியிருந்தார். இரண்டையும் வாசிக்க வைத்து, உங்கள் கால்களைப் பார்த்து ஒன்றை எடுப்பதாக இருந்தார். அதற்குள் அவரே போய்விட்டார்.

இன்று வாசலில் தலைவர் ஐயா சொன்னார்: "எது முடிவுன்னே தெரியாத நாடகத்த எப்படிம்மா வாசிக்கிறது? பம்பரத்தோட பேரு கெட்டுடும். வாசிப்ப ரத்து பண்ணிட்டு, புத்தகமா போட்டுடலாம்." உடனே இந்தத் தாளின் ஓரத்தில் என் பதிலைக் கிறுக்கிக்கொண்டேன். கையில் தாள் இருக்கும் தைரியத்தில் இப்போது கேட்கிறேன். புத்தகமாக்கி அலமாரியில் வைத்தால், அந்தப் பெண் எத்தனை காலம் வாசலிலேயே நிற்பாள்? அக்கா அவளை நிற்க விட்டிருப்பாரா?

விட மாட்டோம்! குறித்த நாளில், இதே அரங்கில், இரண்டு முடிவுகளையும் வாசிப்போம். குறிப்புகளை நான் வாசிக்கிறேன். என் கண் தாளில் இருக்கும், அதனால் சுவரோரம் நடக்க ஓர் ஆள் வேண்டும். ஐயா, இந்த முறை வசனத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் நடப்பீர்களா?

வரப்போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இறந்தவர் எழுதியதாயிற்றே என்று காலை அடக்கி வைக்காதீர்கள். சலித்தால் ஆட்டுங்கள்.

இப்போதே சிலர் ஆட்டுவது தெரிகிறது. நான் உட்காருகிறேன்.