ரெண்டரை ரவுண்டு

இல்லண்ணே, டீ வேண்டாம், நீங்க குடிங்க. அந்த எமர்ஜென்சிக் கதவு தெறக்கறப்பல்லாம் எந்திரிச்சு நின்னுடறேன். உள்ள இருக்கறது என் பொண்ணு. பதினாறு முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகுது. உங்களுக்கு யாரு? மாமனாரா? குளியலறைல வழுக்கிட்டாரா? இடுப்புதானே, வாய் நல்லாத்தானே இருக்கு, அவரு திட்டறது இங்க வரைக்கும் கேக்குதே. குடுத்து வெச்சவருண்ணே நீங்க. எம்பொண்ணு அப்படி ஒரு வார்த்தை கத்தினா போதும்னு இருக்கு எனக்கு.

ஓட்டப் பந்தயம்ணே. ஓடினவ விழுந்துட்டா. இன்னும் கண்ணு முழிக்கல. மார்ல ஒயர் ஒயரா ஒட்டி வெச்சிருக்காங்க. இதயத்துல ஏதோ கோளாறு இருக்கும்போலங்கறாரு டாக்டர். பழக்கப்பட்ட பொண்ணு, இந்தச் சின்னத் தூரத்துக்கெல்லாம் விழக்கூடாதேங்கறாரு.

எவ்ளோ தூரமா? ஆயிரம் மீட்டர். அட, நெஜமாவே அப்படி ஒண்ணு இருக்குண்ணே. எண்ணூறு எல்லா எடத்துலயும் ஓடுவாங்க, ஆயிரத்தி ஐந்நூறும் ஓடுவாங்க. நடுவுல கெடக்கற இந்த ஆயிரத்தை யாரும் சீண்டறதில்ல. எங்க ஓட்டக் கிளப்பு பரண்ல ஏதோ பழைய கோப்பை கெடைச்சுதாம், அதுல ஆயிரம் மீட்டர்னு பொறிச்சிருந்துதாம். சும்மா இருப்பானா செயலாளர்? இந்த வருஷம் இதையும் சேத்துட்டான். இதுல என்ன வம்புன்னா, ஒரு ரவுண்டு நானூறு மீட்டர், மொத்தம் ரெண்டரை ரவுண்டு. ஆரம்பிக்கறது மைதானத்துக்கு அந்தப் பக்கம், முடியறது இந்தப் பக்கம். அரை ரவுண்டுல ஒரு தடவை முடியற கோட்டைத் தாண்டுவாங்க. அப்புறம் ஒண்ணரைல ஒரு தடவை. அப்பதான் கடைசி ரவுண்டுன்னு மணி அடிக்கணும். அடுத்த தடவை வந்தா முடிஞ்சுது. புரியுதுல்ல? உங்களுக்கே புரியுது. மணியடிக்க நின்னவனுக்குப் புரிய வேண்டாமா!

தெரியாம இல்லண்ணே அவனுக்கு. காலைலேந்து பத்து தடவை வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்துக்கிட்டான். ஆனா அந்த ஒண்ணரைல எம்பொண்ணு மொத ஆளா வந்தா. மொத ஆளா! மூணு வருஷமா ஓடறா, எப்பவும் நாலாவது, இல்லாட்டி அஞ்சாவது. அதைப் பாத்ததும் அந்தக் கிறுக்கன் மணிய மறந்துட்டு ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு ஓன்னு கத்தறான்.

மணி அடிக்கலையேன்னு மத்த பொண்ணுங்க கவலைப்படல, அவங்க எண்ணிக்கிட்டே ஓடறவங்க. கடைசி ரவுண்டுன்னு வேகம் எடுத்தாங்க. இவளும் விடல, உயிரக் குடுத்து ஓடினா. ஜெயிச்சுட்டாண்ணே! கோட்டைத் தாண்டிட்டா! அந்த நேரம் பாத்தா அவனுக்கு ஞாபகம் வரணும்? ஐயையோ மணின்னு பதறிப்போய் டங்கு டங்குன்னு அடிச்சுட்டான்.

மத்தவங்க நின்னுட்டாங்க. இவ ஒருத்திதான் நிக்கல. மணிய ஒரு பார்வை பாத்தா, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடிட்டா. ஏன்னா வீட்ல நான் சொல்லிச் சொல்லி வளத்தது அப்படி. ரவுண்டை எண்ணறது உன் வேலை இல்ல, எண்ண ஆரம்பிச்சா காலு சோந்துடும், யாரு என்ன கத்தினாலும் காதுல வாங்காத, மணி கேட்டா கடைசி ரவுண்டு, அவ்ளோதான். உச்சி வெயில்ல, இருக்கற மூச்சையெல்லாம் செலவழிச்சுட்டு, மறுபடி ஒரு முழு ரவுண்டு, தனியா.

பிடிச்சு நிறுத்தலையாவா? டைம் பாக்கறவரு பின்னாலயே ஓடினாரு. அந்தத் தொப்பைய வெச்சுக்கிட்டு இவளைப் பிடிக்க முடியுமா? கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது ஆளு அப்படியே மடங்கிட்டா. அவ விழுந்த சத்தம் இன்னும் காதுலயே இருக்குண்ணே. பயமா இருக்கு. ஒத்தப் பொண்ணு.

அவனையா? அவனை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. கேக்கறதுக்குள்ளதான் நான் அவளைத் தூக்கிக்கிட்டு வண்டில ஏறிட்டேனே.

ஆமாண்ணே. நாந்தான். வேற யாரு நிப்பா, மணியடிக்கப் பெத்தவங்கள்ல ஒருத்தரு வாங்கன்னு கூப்பிட்டாங்க, பெருமையாப் போய் நின்னேன். நிறுத்தும்மா, அப்பா தப்பா அடிச்சுட்டேன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா நின்னிருப்பா. என் பேச்சை மீறவே மாட்டா. அவ்ளோ பேரு முன்னால ஒத்துக்கணுமேன்னு வாயடைச்சுப் போய் நின்னேன், ஒரு ரவுண்டு முழுக்க.

இங்க வந்ததும் டாக்டர் மொத வேலையா பொண்ணு எவ்ளோ தூரம் ஓடிச்சுன்னு கேட்டாரு. ஆயிரம்னுட்டேன். ஓடினது ஆயிரத்தி நானூறு, அதுல கடைசி எண்ணூறும் நாய் தொரத்தற மாதிரி. ஆயிரத்துக்கே விழுந்துட்டாளேன்னுதான் டாக்டருங்க அவ இதயத்தைப் போட்டுக் குடைஞ்சுக்கிட்டிருக்காங்க. தெரியுதுண்ணே, தப்பான எடத்துல தேடறாங்கன்னு தெரியுது. அவ அம்மா வேற வேலைலேந்து கெளம்பிட்டா, வந்துக்கிட்டே இருக்கா. சொன்னா என் மொகத்துல முழிப்பாளா? சொல்லலைன்னா என் பொண்ணு முழிப்பாளா?

அதோ, டாக்டர் வர்றாரு. எந்திரிங்கண்ணே, ஒரு நிமிஷம் கூட வாங்க. நீங்க பேச வேண்டாம், சும்மா பக்கத்துல நின்னா போதும். தனியாப் போனேன்னா மறுபடியும் ஆயிரம்னுதான் வாய்ல வரும்.