கிடங்குக் கதவில் செங்காந்தள்

எங்கள் வீட்டுத் தேநீரில் சர்க்கரை எப்போதும் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், அம்மா. வேண்டாம் என்றால் சொல்லுங்கள், என் மனைவி ஜெயம் வேறு போட்டுத் தருவாள். கோப்பையில் இருப்பது பனைமரம். கீழே வைத்திருக்கும் தட்டில் மரகதப்புறா. கழிப்பறைக் கதவில் வரையாட்டுப் படம் ஒட்டியிருப்பதைப் பார்த்து உங்களோடு வந்த காவலர் சிரித்துவிட்டார். பரவாயில்லை, எல்லோரும் சிரிப்பார்கள். எரிவாயு உருளைக்குச் செங்காந்தள் போட்ட உறை தைத்திருக்கிறோம். குளிர்பெட்டியில் பலாப்பழம், காரின் பின்கண்ணாடியில் கோபுரம். எல்லாம் நம் மாநிலத்துச் சின்னங்கள். ஒரு மனிதன் தன் மண்ணை நேசிப்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்வதில் தவறில்லை என்று நினைப்பவன் நான்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வரிசையாகச் சொல்லவிடுங்கள், இல்லாவிட்டால் எனக்கு விட்டுப்போகும்.

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் சாலையில் எனக்கு ஒரு கிடங்கு இருக்கிறது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் நெல்லும் வாங்கி வைத்து, விலை வரும்போது வெளியூர்களுக்கு அனுப்புவேன். மூட்டை தூக்க உள்ளூரில் ஆள் கிடைப்பதில்லை. விழுப்புரத்தில் இருக்கும் ஒரு தரகர் மூலமாகப் பீகாரிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், காதோரம் நரைத்திருந்தது. அவர் பெயர் வாயில் நுழையவில்லை என்று எல்லோரிடமும் சொல்லி, இனியவன் என்று நானே பெயர் வைத்தேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். நான் வேலையாட்களை ஒருமையில் அழைக்கிறவன் இல்லை. அவரையும் வாங்க, போங்க என்றுதான் சொல்வேன். இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம்.

அவர் கொண்டுவந்த அலுமினியத் தட்டில் ஆணியால் ஒரு மரம் கீறி வைத்திருந்தார். அரசமரம். அது அவர் மாநிலத்து மரம் என்று எனக்குத் தெரியும், இந்த விஷயங்களை நான் படித்து வைத்திருக்கிறேன். ஒருநாள் அந்தத் தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, பனைமரம் பொறித்த புதிய எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பழைய தட்டைத் தேடவில்லை என்றுதான் நினைக்கிறேன். மறுநாள் குப்பைத்தொட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ஜெயம் அவரோடு கையாலேயே பேசுவாள். மத்தியானம் அவர் சாப்பிட வரும்போது இவள் ஊறுகாயைக் காட்டி முகத்தைச் சுளிப்பாள், அவர் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார். எங்கள் ஸ்கூட்டரை அவர் தினமும் கேட்காமலேயே துடைத்து வைப்பார். அதில் இருந்த கோபுரப் படத்தை மட்டும் தன் துண்டின் சுத்தமான நுனியால் துடைப்பார். எனக்கு அது எவ்வளவு முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி இந்தி விஷயம். எனக்கு இந்தி தெரியும். இளவயதில் நாக்பூரில் ஒரு பருப்பு மண்டியில் பதினோரு வருடம் இருந்தேன். கனவுகூட இந்தியில் வந்த காலம் உண்டு. நான் எங்கள் ஊர்த் தமிழ் மன்றத்துக்குத் தலைவரான புதிதில் ஒருநாள் கிடங்கு வாசலில் நின்று நாக்பூர் வியாபாரியோடு பேசிக்கொண்டிருந்தேன். எதிரே தேநீர்க்கடை வைத்திருக்கும் விருத்தாசலம் கேட்டுவிட்டார்.

"இன்னா மொதலாளி, வீடு பூரா பனைமரத்த ஒட்டி வச்சிக்கினு, போன்ல மட்டும் அச்சா அச்சான்றீங்க?" என்றார். "பேரும் பாண்டுரங்கன், அதுவும் அந்தப் பக்கத்து சாமி. எதுக்கும் உங்க ஆதார் கார்ட ஒருதபா செக் பண்ணணும் போல கீதே."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த கிருத்திகைக்கு மயிலம் மலையேறி, முருகன் சன்னிதியில், மன்றத்தார் சுற்றி நிற்க, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தேன். இனி என் வாயில் ஓர் இந்திச் சொல் வராது. நான் கடவுளுக்குப் பயந்தவன். காலையில் திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன். சத்தியம் என்றால் எனக்குச் சத்தியம்தான்.

கிடங்கில் வண்டு விழுந்தால் மருந்து வைப்பது வழக்கம். விழுப்புரத்திலிருந்து ஒருவர் வந்து மூட்டைகளுக்கு நடுவே மாத்திரைகளை வைத்துவிட்டு, கதவு இடுக்குகளில் காகித நாடா ஒட்டிவிட்டுப் போவார். அதிலிருந்து வரும் புகை வண்டை மட்டும் கொல்வதில்லை. அதனால் கதவில் ஒரு பலகை தொங்கவிடுவோம். மண்டை ஓடும் எலும்பும் வரைந்து, மூன்று மொழியில் எழுதிய பலகை. அதைப் பார்த்தால் இனியவன் கழுத்தை வெட்டுவதுபோல் விரலால் கோடு இழுத்துக் காட்டி, தூரமாகச் சுற்றிக்கொண்டு போவார்.

இந்த ஆண்டு அந்தப் பலகையை மாற்றினேன். மண்டை ஓடு பார்க்க நன்றாக இல்லை. தவிர, அது நம்முடையதும் இல்லை. அந்த இடத்தில் செங்காந்தள் வரையச் சொல்லி, கீழே நல்ல தமிழில் எச்சரிக்கை எழுதவைத்தேன். ஜெயம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"பூவப் பாத்தா யாருங்க பயப்படுவாங்க?"

"செங்காந்தள் கிழங்கு விஷம். நம்ம பக்கத்துல ஆடு மேய்க்கிறவனுக்குக்கூட தெரியும்."

"நம்ம பக்கத்து ஆளுக்குத் தெரியும். அவருக்கு?"

இந்த மண்ணில் வேலை செய்கிறவர் இந்த மண்ணின் பூவைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். அவர்கள் ஊரில் வாசலில் பூ வரைந்திருந்தால் உள்ளே வரலாம் என்று பொருளாம். அவருடைய தம்பி பிறகு சொன்னார்.

ஜூலை பதினெட்டு, தமிழ்நாடு நாள். மாலையில் விழா. மேடையில் வைக்க ஆளுயரத்தில் ஒரு கோபுரம் செய்துவைத்திருந்தேன், தெர்மாகோலில் தங்க வண்ணம் பூசியது. மழைக்குப் பயந்து கிடங்கில் வைத்திருந்தேன். முதல்நாள் இனியவன் விழுப்புரத்துக்கு லாரியோடு போயிருந்தபோது மருந்து வைத்து மூடிவிட்டார்கள். கோபுரத்தை வெளியே எடுக்க மறந்துபோனேன். அது உண்மையான மறதி.

மத்தியானம் நானும் விருத்தாசலமும் மன்றத்தார் இருவரும் கிடங்கு முன்னால் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். கோபுரத்துக்குப் பதில் ஃபிளெக்ஸ் அடிக்கலாமா என்று பேச்சு. இனியவன் வந்தார். என் முகம் வாடியிருந்ததைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு கைகளாலும் காற்றில் கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் கோபுரம் வரைந்து காட்டி, கிடங்கைச் சுட்டி, தன் மொழியில் ஏதோ கேட்டார்.

"இன்னா சொல்றான் உங்க ஆளு?" என்றார் விருத்தாசலம்.

"கோபுரம் உள்ள தான் கீதா, எடுத்தாரட்டுமான்னு கேக்கறாரு."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. விருத்தாசலம் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"பாத்தீங்களாய்யா, மொதலாளிக்குப் பட்டுனு புரிஞ்சிடுச்சி. மயிலத்துல விட்டது வாய மட்டுந்தான், காதுல இன்னும் இந்தி ஓடிக்கினு கீது. பதிலையும் அதுலயே சொல்லிடுங்க மொதலாளி, நாங்க காதப் பொத்திக்கிறோம்."

மூவரும் உண்மையாகவே காதைப் பொத்திக்கொண்டார்கள். இனியவனும் என்னவென்று தெரியாமல் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

நான் அவரைப் பார்த்துத் தெளிவாக, நிதானமாகச் சொன்னேன். "ஆமாம், உள்ளேதான் இருக்கிறது. மருந்து வைத்திருக்கிறோம். கதவைத் திறக்க வேண்டாம்."

அவருக்குத் தமிழில் கொஞ்சம் சொற்கள்தான் தெரியும். ஆமாம், உள்ளே, வெளியே, மூட்டை, சாப்பாடு, சரி. இது எனக்குத் தெரியும். ஏனென்றால் அவற்றை அவருக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். என் வாக்கியத்தில் எந்த இரண்டு சொற்கள் அவருக்குப் போய்ச் சேரும் என்று யோசிக்க எனக்கு நேரம் இருந்தது.

"சரி மொதலாளி," என்று சொல்லிவிட்டு, கிடங்கின் பக்கவாட்டுக் கதவு இருக்கும் திசையில் போனார்.

"ஆங், தமிழன்னா இப்டிப் பேசணும்," என்று விருத்தாசலம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பக்கவாட்டுக் கதவுக்குப் பூட்டு இல்லை, தாழ்ப்பாள்தான். காகித நாடா கிழியும் சத்தம் எனக்குக் கேட்டது. மற்றவர்களுக்கும் கேட்டிருக்கும், ஆனால் அது என்ன சத்தம் என்று அவர்களுக்குத் தெரியாது. இன்னொரு முறை தமிழில் சொன்னேன், "திறக்க வேண்டாம்" என்று. உரக்கச் சொன்னதாகத்தான் நினைவு. அதன் பிறகு தட்டில் இருந்த வடையை எடுத்துக்கொண்டேன். ஃபிளெக்ஸே போதும் என்று முடிவு செய்தோம்.

அவர் வெளியே வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். விழாவுக்குப் போனேன். நன்றாக நடந்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்தபோது ஜெயம், "இனியவன் சாப்பிடவே வரலியே, சோத்துல தண்ணி ஊத்திட்டேன்," என்றாள். ஊருக்குப் போன் பேசப் போயிருப்பார் என்றேன். பனைமரத் தட்டு மூடியபடி இருந்தது.

காலையில் மருந்து வைக்கிறவரை வரவழைத்தேன். முகமூடி போட்டுக்கொண்டு அவர்தான் உள்ளே போனார். இனியவன் கதவுக்கு மிகப் பக்கத்தில் கிடந்தார். கோபுரத்தை மார்போடு அணைத்திருந்தார். வண்ணம் உதிராமல் இருக்கத் தன் துண்டை அதன்மேல் சுற்றிக் கட்டியிருந்தார். அந்தத் துண்டைத் தன் மூக்கில் கட்டியிருந்தால் வெளியே வந்திருப்பார் என்று மருந்துக்காரர் சொன்னார். எனக்கு அது பற்றித் தெரியாது. கோபுரத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

அவருடைய தம்பி வந்தார். என் கால்களைத் தொட்டுவிட்டு, நீங்கள் தட்டு கொடுத்ததை அண்ணன் போனில் சொன்னார் என்று சொன்னார். கடைசியில் அண்ணன் ஏதாவது பேசினாரா என்றும் கேட்டார். இந்தியில்தான் கேட்டார். சுற்றிலும் மன்றத்தார் நின்றார்கள். "நல்ல மனிதர்" என்று தமிழில் சொல்லிவிட்டு அவர் தோளைத் தட்டினேன். அவர் புரிந்ததுபோல் தலையாட்டினார். அன்றிலிருந்து ஜெயம் என்னோடு கையால்தான் பேசுகிறாள். சாப்பாடு என்றால் தட்டைக் காட்டுவாள். அவள்தான் உங்களை வரச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

படிக்கத் தெரியாத ஆள், பலகை இருந்தும் திறந்துவிட்டார் என்று முன்பு எழுதிக் கொடுத்தேன். அதை மாற்றிக்கொள்கிறேன். திறப்பார் என்று தெரிந்துதான் சொன்னேன். அவரை நிறுத்த இரண்டு சொற்கள் போதும். அவை அப்போது என் நாக்கு நுனியில் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. அவர் பெயர் ராம்பிரவேஷ். முதல் நாளே எனக்கு அது சரியாகச் சொல்ல வந்தது.

ஆனால் முருகன் முன்னால் செய்த சத்தியம், அம்மா. ஓர் உயிருக்காகக்கூட அதை மீறலாமா என்று நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறையாவது மீறியதுண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு. அந்தத் தமிழ்நாடு நாள் காலையில்தான். நாக்பூர் வியாபாரி மல்லாட்டைக்காக அழைத்திருந்தார். வெகுநேரம் இந்தியில் பேசினோம். அங்கே மழை எப்படி, மகளுக்கு வரன் அமைந்ததா என்றெல்லாம் விசாரித்தேன். முருகன் பொறுத்துக்கொள்வான் என்று தோன்றியது. காரின் கண்ணாடியை முழுவதும் ஏற்றியிருந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை.