பொதுமக்களில் ஒருத்தி

அந்தப் பக்கம் வேணாம் மேடம், இந்தப் பக்கமா உக்காருங்க. பெஞ்சுக்கு நேத்து சாயங்காலம்தான் பெயிண்ட் அடிச்சாங்க, இன்னும் ஒட்டுது. நீங்க தமிழா? அப்பாடா! எனக்குச் சொல்லிக் குடுத்ததெல்லாம் கன்னடத்துல. இங்க பெங்களூரு ஜோகுபாளையத்துலயே பொறந்தவ, கன்னடமெல்லாம் நல்லாவே வரும், அது இல்ல விஷயம். மனப்பாடம் பண்ணிச் சொல்றதுதான் வரமாட்டேங்குது.

சுத்தமான ஊரு அவார்டுக்கு மார்க் போட வந்தவங்கதானே? கழுத்துல அட்டை தொங்குதே. அந்தத் தாளை நீட்ட வேணாம், அதுல இருக்கறது எனக்குத் தெரியும். பொதுமக்கள் கருத்து, அஞ்சு கேள்வி. ஹசி கசா, ஒண கசான்னு வீட்ல ஈரக் குப்பை காஞ்ச குப்பையப் பிரிச்சுக் குடுக்கறீங்களா? குடுக்கறேன். வண்டி தெனம் வருதா? வருது. நான் யாரு? செகண்ட் கிராஸ்ல இருக்கற ஹவுஸ் வைஃப். தெனம் இங்க வாக்கிங் வரேன்.

சிரிக்கறீங்க பாருங்க. பட்டுப் பொடவைல யாரு வாக்கிங் வருவாங்க? நல்லதா ஒண்ணு கட்டிட்டு வான்னு மேஸ்திரி சொன்னாரு. எங்கிட்ட நல்லதுன்னா இது ஒண்ணுதான்.

பேஜாரா இருக்குது மேடம். நான் பொதுமக்களே இல்ல. இந்த ரோட்டைப் பத்தொம்பது வருஷமா கூட்டறவ. சந்திரம்மான்னு பேரு. இத்தினி வருஷமும் கான்ட்ராக்ட்தான். இப்பதான் பர்மனென்ட் பண்றதுக்கு லிஸ்டு போட்டிருக்காங்க, நாளைக்கு ஆபீஸ்ல ஒட்டப் போறாங்க. அதுல என் பேரு பதினாலாவது. இன்னிக்கு நான் ஒழுங்கா பேசினா பதினாலாவது அங்கியே இருக்கும், இல்லன்னா… அதுக்கு மேல மேஸ்திரி சொல்லல. சொல்லணுமா என்ன?

மேஸ்திரின்னா ஹரிஷ்தான். அதோ, எரு குழிகிட்ட உங்க ஆளுங்களை நிக்க வச்சு போட்டோ எடுக்கறாரே, மஞ்சள் கோட்டு, அவரு. கொஞ்சம் இப்படித் திரும்பி உக்காருங்க, அவரு கண்ணு இங்கயேதான் இருக்கும்.

நான் ஒருத்தி மட்டுமா? அந்த மஞ்சள் கோட்டு வந்தது பத்து, வேலை செய்யற நாங்க பதினெட்டு பேரு. மிச்ச எட்டு பேரும் இன்னிக்குப் பொதுமக்கள். தோ, வெள்ளை ஷூ போட்டுக்கிட்டு சுத்தறாரு பாருங்க, அவரு சின்னப்பா, வண்டியில குப்பை ஏத்தற எங்க லோடர். இன்னிக்கு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். ஷூ அவரு மருமவனோடது, ரெண்டு சைஸ் பெருசு. யாராச்சும் நிறுத்திக் கேள்வி கேக்கற வரைக்கும் நடந்துட்டே இருன்னு ஹரிஷ் சொல்லிட்டாரு. காலைல ஆறரைலேர்ந்து நடக்கறாரு, ஒருத்தரும் நிறுத்தல. போகும்போது அவரை ஒரு கேள்வி கேட்டுட்டுப் போங்க மேடம், புண்ணியமாப் போகும், உக்காருவாரு.

அந்தச் சிமெண்டு மேடைல புஸ்தகம் வச்சுக்கிட்டு இருக்கறது ஷோபா. காலேஜ் லெக்சரராம். புஸ்தகம் தலைகீழா இல்லியே? இல்லல்ல, சரிதான். படிச்சவதான் அவ, கிண்டலுக்குச் சொன்னேன்.

ஏன் இவ்ளோ அவதின்னு கேக்கறீங்களா? தேதி குடுத்தவங்களைக் கேக்கணும். என்னிக்கு வரலாம்னு அவார்டுக்காரங்க ஆறு மாசம் முன்னாடியே கேட்டாங்களாம். ஆபீஸ்ல ஒரு மூளைக்காரரு காலண்டரைப் பாத்தாரு. ஆயுத பூஜை புதன்கிழமை, விஜயதசமி வியாழக்கிழமை, அப்புறம் சனி, ஞாயிறு. நாலஞ்சு நாள் லீவு. பாதி ஊரு வண்டியெடுத்துக்கிட்டு சொந்த ஊருக்குப் போயிடும், ரோடு காலி, பொகை இல்ல, காத்தை அளக்கற மெஷின்ல நல்ல மார்க் வரும்னு கணக்குப் போட்டு இந்த ஞாயித்துக்கிழமையக் குடுத்தாரு. மெஷினுக்கு யோசிச்சாரே, குப்பைக்கு யோசிச்சாரா? எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்போமே! பெங்களூருல ஆயுத பூஜைன்னா என்னான்னு கூட்டறவளுக்குத்தான் தெரியும். ஆட்டோவுக்கு ஒரு ஜோடி வாழைக்கன்னு, லாரிக்கு ஒரு ஜோடி, லேத்து பட்டறைக்கு, ஜெராக்ஸ் கடைக்கு, கம்ப்யூட்டர் கம்பெனி கேட்டுக்கும் ஒரு ஜோடி. வாசலுக்கு வாசல் குங்குமம் தடவி ஒடச்ச பூசணிக்காய். கும்பிடறது ஒரு நாளு, வாரறது ஒரு வாரம். உங்களுக்கோ மூணே நாள்தான் நடுவுல.

அந்தப் பச்சைத் துணி கட்டியிருக்குதே, முன்னாடி தொட்டியில செடி வச்சு… பாக்காதீங்க, பாத்தா அவருக்குத் தெரிஞ்சுடும். பிள்ளைங்க பந்து ஆடற மைதானம் அது. மூணு வார்டு வாழை மரமும் அதுக்குப் பின்னாடிதான் கெடக்குது. நேத்து ராத்திரிலேர்ந்து புளிச்ச வாடை. அதுக்குத்தான் இங்க சுத்தி ஊதுவத்தி. கோயில் பக்கத்துல இருக்குதுன்னு நெனச்சீங்களா? கோயிலே இல்ல மேடம் இங்க.

இன்னொண்ணு கேளுங்க. இப்ப எரு குழியில காட்டறாங்களே ஈரக் குப்பை, அது குப்பையே இல்ல. நெஜக் குப்பை நாறும்னு காலைல மார்க்கெட்டுல காய் வாங்கியாந்து நறுக்கிப் போட்டாங்க. கத்திரிக்காய், பீன்ஸ், கொத்தமல்லி. அந்த மாதிரிக் கத்திரிக்காய் எங்க வீட்டுக் கொழம்புல விழுந்ததில்ல. நாலு குழியில நாங்க ரெண்டு வருஷமா நெஜமாவே எரு போட்டுட்டிருந்தோம் மேடம், கறுப்பா, மண்ணு வாசனையா நல்லா வந்துச்சு. பாக்க அசிங்கமா இருக்குன்னு வாரி அந்தத் துணிக்குப் பின்னாடியே கொட்டிட்டாங்க. உங்களுக்குக் காட்ட வேண்டியதே அதுதான்! அதைக் காட்டியிருந்தா இவ்ளோ நாடகம் எதுக்கு?

ஊருக்கு அவார்டு வேணாம்னு நான் சொல்லல. எங்க ஊருதானே. வேற ஊருக்காரன் வந்து மூக்கப் பொத்துனா எனக்குத்தான் மொதல்ல கோவம் வரும். ஆனா பரீட்சைக்கு ரெடியா இல்லன்னா, அடுத்த வருஷம் எழுதறோம்னு சொல்றதுல என்ன கேவலம்?

ஹரிஷையும் திட்டிப் பிரயோஜனம் இல்ல. அவனும் கான்ட்ராக்ட்தான், லிஸ்டுல அவன் பேரும் இருக்குது. நேத்து எங்களுக்கு வாசிச்சுக் காட்டுனான், ஆபீஸ்ல ரொப்பி உங்களுக்கு அனுப்பின பெரிய ஃபாரத்தை. எவ்ளோ மரம், எவ்ளோ எரு, பக்கம் பக்கமா. அதுல ஒரு வரி, வேலை செய்றவங்கள்ல இந்த வருஷம் அடிபட்டது எத்தினி பேருக்கு? சைபர். அந்த எடத்துல மட்டும் அவன் என்னைப் பாக்கல.

கையெழுத்தா? தாளை மடியில வைங்க மேடம், நான் சொல்றேன், நீங்களே எழுதிக்கங்க. எழுதத் தெரியாம இல்ல, அல்சூர்ல தமிழ் ஸ்கூல்ல ஏழாவது வரைக்கும் படிச்சவ. என் கையெழுத்து அழகா இருக்கும்னு டீச்சர் சொல்லும். இது… முந்தானையை எடுத்தா பயந்துக்காதீங்க. வலது கையில கட்டுதான். வெள்ளிக்கிழமை காலைல, வாழை எலைய அள்ளறப்ப உள்ள ஒடஞ்ச கண்ணாடி. ரெண்டு விரலுக்கு நரம்பு போயிடுச்சு, இனி மடங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஹரிஷ்தான் பைக்ல வச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனான், அவன் சட்டையெல்லாம் ரத்தம். திரும்பி வர்றப்ப அவனே சொன்னான், அக்கா, வீட்ல காய் நறுக்கறப்ப பட்டுச்சுன்னு சொல்லிடுங்க, லிஸ்டு ஒட்டற வரைக்கும். சொல்றப்ப அழுதான் மேடம்.

கோட்டு பத்தலன்னு மத்தவங்களைத்தான் உக்கார வச்சாங்க. சீனியர் நான், எனக்கு எப்பிடிப் பத்தாமப் போகும்? இந்தக் கட்டு வெளிய தெரியக் கூடாதுன்னுதான் பட்டுப் பொடவை.

வரான் பாருங்க. அஞ்சு கேள்விக்கும் நீங்க என்ன வேணா போட்டுக்கங்கம்மா. எனக்கு முக்கியம் உங்க கையில இருக்கற அந்தப் பெரிய ஃபாரம்தான். அந்தச் சைபரை அடிச்சுட்டு ஒண்ணுன்னு எழுதுங்க. பக்கத்துல என் பேரையும் போடுங்க. சந்திரம்மா. எழுதிட்டீங்களா? எங்க, காட்டுங்க.